‘வாடகைக்கு விடப்படும்’

பணி நியமன ஆணை வந்து சேரும் நாள் ஒரு குடும்பத்திற்குத் திருநாள். தாய் அதைத் திருஇருதயப் படத்தின் முன் வைத்து எடுக்கிறாள். தந்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு முறை படிக்கிறார். சம்பளம் எவ்வளவு, சேர வேண்டிய நாள் எது, கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் எவை என்று எல்லாம் அதில் இருக்கும். வேலையில் சேரப்போகும் பிள்ளை அன்றிரவு எங்கே படுப்பான் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இராது.

கடந்த ஆண்டு என் தங்கை மகனுக்கு இத்தகைய ஓர் ஆணை வந்தது. பொறியியல் படிப்பை முடித்த கையோடு சென்னையின் தென்கோடியில், ராஜீவ் காந்தி சாலையிலுள்ள ஒரு நிறுவனத்தில் வேலை. “மாமாவுக்குச் சென்னை பழக்கப்பட்ட ஊர்” என்று என்னையும் உடன் அனுப்பினார்கள். நான்கு நாள்கள் நாங்கள் வீடு தேடி அலைந்தோம். ஆறாவது வீட்டின் உரிமையாளர் எங்களை அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, மிகுந்த மரியாதையோடு பேசினார். “சார், சொந்த ஊர் எது? தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? வீட்டில் அசைவம் சமைப்பீர்களா?” என்று கேட்டார். மருமகன் தன் பெயரைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “இன்னொருவர் கேட்டிருக்கிறார், அவருக்குச் சொல்லிவிட்டு உங்களுக்குத் தகவல் தருகிறேன்” என்றார். தகவல் வரவில்லை.

படியிறங்கும்போது எனக்கு 1979ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு எழும்பூரில் வந்திறங்கி, சேப்பாக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்த நான், இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்டிருக்கிறேன். இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. சட்டங்கள் மாறின, சாலைகள் மாறின, ஊரின் பெயரே மாறியது. அந்தக் கேள்விகள் மட்டும் ஏன் மாறவில்லை? இதை அறிய வேண்டுமானால், முதல் வேலைக்கு வந்தவர்களை இந்த மாநகரம் எவ்வாறு குடிவைத்தது என்ற வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

நடந்து போகும் தூரம்

1912ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்தில் ஓர் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். நண்பர்களின் ஆதரவில் ஊரெங்கும் மாறிமாறித் தங்கி, வேலை தேடிக் களைத்தவர். அவர்தாம் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். வேலை கிடைத்த காலத்தில் அவர் குடியிருந்தது ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலித் தெருவில். துறைமுகத்திற்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியபோது, குடும்பத்தோடு திருவல்லிக்கேணியில் அனுமந்தராயன் கோயில் தெருவுக்குக் குடிபெயர்ந்தார். வேலை எங்கே மாறியதோ வீடும் அதன் பின்னாலேயே போயிற்று.

அதே திருவல்லிக்கேணிக்கு, ‘சுதேசமித்திரன்’ இதழில் மீண்டும் பணியேற்று 1920இல் சென்னைக்குத் திரும்பிய பாரதியாரும் குடிவந்தார். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலிருந்த அந்த வாடகை வீட்டில்தான் 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். இன்று அது பாரதியார் நினைவில்லம். அந்த வாசலில் நிற்கும்போது, நாடே போற்றும் கவிஞர் தம் கடைசி நாளிலும் ஒரு குடித்தனக்காரராகவே இருந்தார் என்ற எண்ணம் எழாமல் இராது.

அக்காலச் சென்னையில், வேலைக்கு அருகில் என்றால் கால்நடையாகப் போகக்கூடிய தூரம் என்றே பெரும்பாலும் பொருள். துறைமுகம், கடற்கரைச் சாலை வணிக நிறுவனங்கள், உயர் நீதிமன்றம் ஆகியவற்றில் வேலை செய்தோருக்கு ஜார்ஜ் டவுன். பல்கலைக்கழகம், சேப்பாக்கம் அலுவலகங்கள், மவுண்ட் ரோடு ஆகியவற்றில் வேலை செய்தோருக்குத் திருவல்லிக்கேணி. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தப் பொருள் மாறியது. மாம்பலமும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் அருகில் வந்தன. தூரத்தை மைலால் அளந்தவர்கள் நிமிடத்தால் அளக்கத் தொடங்கினார்கள். மாதச் சீட்டு எடுத்துவிட்டால் நகருக்கு வெளியே, குறைந்த வாடகையில், கிணறும் மரமும் உள்ள வீட்டில் குடியிருக்கலாம் என்ற புதிய வழி நடுத்தரக் குடும்பங்களுக்குப் பிறந்தது.

போரும் வாடகையும்

இரண்டாம் உலகப் போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. போரையொட்டி நகரில் அலுவலகங்களும் ஆள்களும் பெருகினர், வாடகை ஏறியது. 1941இல் அரசு வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. இடையில் ஒரு விசித்திரமும் நிகழ்ந்தது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானியக் குண்டு வீச்சுக்கு ஆளானதைக் கேட்டுச் சென்னை மக்கள் திரள் திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். சில வாரங்கள் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. சென்னையில் வீடு கிடைப்பது எளிதாக இருந்த காலம் ஒன்று உண்டென்றால் அதுவே. அச்சம் நீங்கியதும் போனவர்கள் திரும்பினார்கள், புதியவர்களும் வந்தார்கள். 1941இல் சுமார் 7.8 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை, எல்லைகள் விரிந்ததும் சேர்ந்து, 1951இல் 14 லட்சத்தைத் தாண்டியது.

போர்க்காலத்து ஆணை போர் முடிந்ததும் போய்விடவில்லை. 1946இல் அது சட்டமாயிற்று. 1949இல் மற்றொரு சட்டம் வந்தது. இறுதியாக 1960இல் வந்த கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக இங்கே ஆட்சி செய்தது. அச்சட்டத்தைப் படித்துப் பார்ப்பவர் வியப்படைவார். வாடகை நியாயமானதா என்று தீர்மானிக்க அதிகாரி ஒருவர் உண்டு. சட்டம் கூறும் காரணங்கள் இன்றிக் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. வீடு காலியானால் ஏழு நாள்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு தன் ஊழியர்களுக்காக அதை எடுத்துக்கொள்ளலாம். முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

ஒரு மாத வாடகை! இதைச் சென்னையில் வீடு தேடிய எவரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். சட்டம் ஒரு மாதம் என்றது. ஊர் பத்து மாதம் என்றது. ஊரே வென்றது.

ஏன் இப்படி ஆயிற்று? உள்ளே வந்தவரை வெளியேற்ற முடியாது என்ற நிலை வந்ததும், யாரை உள்ளே விடுவது என்பதில் உரிமையாளர் மிகுந்த எச்சரிக்கை கொண்டார். ஏற்கெனவே குடியிருந்தவருக்குச் சட்டம் கேடயமாயிற்று. பழைய வாடகையிலேயே பல ஆண்டுகள் அவர் இருந்தார். அவரிடம் கிடைக்காததைப் புதிதாக வருபவரிடம் வாங்கிக்கொள்ள உரிமையாளர்கள் முற்பட்டனர். ஓய்வூதியத்திற்குத் துணையாக ஒரு மாடியைக் கட்டி வாடகைக்கு விட்டு, பின் அதை மீட்க நீதிமன்றப் படிகளில் முதுமையைக் கழித்தவர்களும் நம் பங்கிலேயே உண்டு. அவர்கள் அச்சம் வெறும் கற்பனை அன்று. ஆயினும் அந்த அச்சத்தின் விலையைச் செலுத்தியவன், கல்லூரியிலிருந்து அன்று வெளிவந்த, சேமிப்பு ஏதுமில்லாத இளைஞன்.

பதினொரு மாத ஒப்பந்தத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதிவுச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்து எழுதினர். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள் என்று பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, முத்திரைத்தாள் பதினொன்று என்று கற்பித்தது.

ஒற்றைக் கட்டில்

இவ்வாறு கதவுகள் ஒவ்வொன்றாய் இறுகியபோது, எல்லோருக்கும் கடைசியில் நின்றவன் மணமாகாத இளைஞன். ‘குடும்பத்திற்கு மட்டும்’ என்ற பலகை அவனைத் தெருவிலேயே நிறுத்தியது. அவனுக்காக எழுந்தவையே திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள். நீண்ட நடைவழி, இருபுறமும் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோ கட்டில்கள், தளத்தின் கோடியில் பொதுக் குளியலறை. என் முதல் முகவரி அப்படிப்பட்ட ஓர் அறையே. மூவர் பகிர்ந்துகொண்டோம். ஒருவர் தஞ்சாவூர்க்காரர், வங்கியில் பணி; மற்றவர் வேலூர்க்காரர், இஸ்லாமியர், தோல் ஏற்றுமதி நிறுவனமொன்றில் கணக்கர். காலையில் தண்ணீர் நின்றுவிடும் முன் வாளியோடு வரிசையில் நிற்பதும், மெஸ்ஸில் டோக்கன் கொடுத்துச் சாப்பிடுவதும், ஞாயிறு இரவு மெஸ் மூடியிருப்பதால் வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிவந்து மூவரும் பகிர்ந்துகொள்வதும் எங்கள் வாழ்க்கை.

அந்த மேலாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எந்த ஆபீஸ்?” மாதம் பிறந்தால் வாடகை வருமா என்பது மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது. அன்று அது எனக்கு வறட்டு வணிகமாகத் தோன்றியது. பின்னாளில் யோசித்தபோது, அந்தக் கேள்வியின் குறுகலில்தான் எங்கள் மூவருக்கும் ஒரே அறையில் இடம் கிடைத்தது என்று புரிந்தது. வேறு கேள்விகள் கேட்கப்பட்டிருந்தால், நாங்கள் மூன்று வெவ்வேறு தெருக்களில் இருந்திருப்போம்.

வேலைக்காக நகருக்கு வரும் இளைஞருக்குத் தங்க இடமில்லை என்பதைக் கிறிஸ்தவ உலகம் முன்னரே கண்டிருந்தது. 1844இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியர், தம்மைப்போல் கிராமத்திலிருந்து வந்து கடையிலேயே தங்கி வேலை செய்த தோழர்களைக் கூட்டித் தொடங்கியதே ஒய்.எம்.சி.ஏ. சென்னைக் கிளை 1890இல் தொடங்கப்பட்டது. இளம்பெண்கள் வேலைக்கு வரத் தொடங்கியபோது, ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதிகளும் நம் அருள்சகோதரிகள் நடத்திய விடுதிகளும் அவர்களுக்குக் கதவு திறந்தன. மகளைச் சென்னைக்கு அனுப்பத் தயங்கிய எத்தனையோ தந்தையர், “சிஸ்டர்கள் விடுதி” என்ற ஒரு சொல்லைக் கேட்டு மனம் தேறினர். மத்திய அரசு 1972-73இல்தான் பணிபுரியும் மகளிர் விடுதிகளுக்கென நிதியுதவித் திட்டம் கொண்டுவந்தது. தமிழகத்தில் மகளிர் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2014இல் வந்தது. அண்மை ஆண்டுகளில் மாநில அரசே ‘தோழி’ என்ற பெயரில் விடுதிகளை நடத்துகிறது.

வேலை நகர்ந்தது, வீடும் நகர்ந்தது

விடுதலைக்குப் பின் சென்னையில் வேலை கடற்கரையை விட்டு விலகத் தொடங்கியது. 1955இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை, 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என்று அது மேற்கேயும் தெற்கேயும் சென்றது. 1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியம் அசோக் நகர், கலைஞர் கருணாநிதி நகர் போன்ற குடியிருப்புகளை உருவாக்கியது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் வேலை மீண்டும் தெற்கே பாய்ந்தது. பெருங்குடி, காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று, வயலும் ஏரியும் சவுக்குத் தோப்புமாக இருந்த ஊர்கள் அடுக்குமாடிகளாயின. ஒற்றைக் கட்டில் அறை அங்கே ‘பி.ஜி.’ என்ற புதுப் பெயர் பெற்றது.

சட்டமும் மாறியது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. இனி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. தகராறு எதுவாயினும் குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்த உரிமையாளருக்கு உரிமையில்லை. பிள்ளைகளை முதல் வேலைக்கு அனுப்பும் பெற்றோர் இவற்றை அறிந்திருத்தல் நல்லது. கையெழுத்திடும் முன் ‘வேறுவிதமாக’ என்ற அந்தச் சொல் ஒப்பந்தத்தில் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது அதனினும் நல்லது.

சட்டம் தொடாத கேள்வி

1960இன் சட்டமும் சரி, 2017இன் சட்டமும் சரி, வாடகை, முன்பணம், காலக்கெடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசின. வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வியைப் பற்றி இரண்டும் பேசவில்லை. ‘நீ யார்’ என்ற கேள்வி அது. ‘சொந்த ஊர் எது’, ‘அசைவம் உண்டா’, ‘பெயர் என்ன’ என்பவை அதன் மாறுவேடங்கள்.

மதம், இனம், சாதி முதலியவற்றால் பாகுபாடு கூடாது என்னும் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு அரசைக் கட்டுப்படுத்துவது. தனிவீட்டு உரிமையாளரை அன்று. தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஓரிடத்தில் குடியேறுவதைத் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்பவர் யார்? ‘இன்னொருவர் கேட்டிருக்கிறார்’ என்றாலே போதுமே! பார்சி சமயத்தவருக்கு மட்டுமே உறுப்புரிமை என்று அகமதாபாதில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் வைத்திருந்த விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. டெல்லிப் பகுதியில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, படிப்பும் சம்பளமும் ஒத்திருந்தும் தலித்துகளும் இஸ்லாமியரும் மறுப்பையோ கடுமையான நிபந்தனைகளையோ சந்தித்ததைப் பதிவு செய்தது.

வேறு நாடுகள் இதற்குச் சட்டம் கண்டன. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நிறம், சமயம் முதலியவற்றின் பேரில் வீடு மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தாயிற்று. அங்கும், உரிமையாளர் தாமே குடியிருக்கும் சிறிய கட்டடங்களுக்குப் பெரும்பாலும் விலக்கு அளிக்கப்பட்டது. சட்டம் அரசின் வாசலுக்கும் நிறுவனத்தின் வாசலுக்கும் வரும். நம் சொந்த வாசலுக்குள் நுழையத் தயங்கும். அங்கே நம் மனசாட்சி மட்டுமே நிற்கிறது.

என் வீட்டுப் பலகை

ஐந்தாம் நாள் மருமகனுக்கு வீடு கிடைத்தது. உடன் பணியில் சேரவிருந்த இருவரோடு சேர்ந்து, சோழிங்கநல்லூரில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு மாடிப் பகுதி. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. “எந்தக் கம்பெனி தம்பி? ராத்திரி வேலை உண்டா? அப்படியென்றால் கேட் சாவி ஒன்று தனியாகத் தருகிறேன்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. மருமகன் என்னை ரயிலேற்றிவிட வந்தபோது, “மாமா, அந்த ஆறாவது வீட்டை மறந்துவிடுங்கள்” என்றான். நான் மறந்துவிடுவதாகத்தான் சொன்னேன்.

ஆனால் ரயிலில் உறக்கம் வரவில்லை. பணி ஓய்வுக்குப் பின் பாளையங்கோட்டையில் நான் கட்டிய வீட்டிலும் ஒரு மாடிப் பகுதி உண்டு. அது காலியாகும்போதெல்லாம் வாசலில் தொங்கவிடும் பலகையை நானே என் கையால் எழுதினேன். ‘வாடகைக்கு விடப்படும். கிறிஸ்தவக் குடும்பத்திற்கு மட்டும்.’ நம்மவர்களாக இருந்தால் ஒத்துப்போகும் என்ற எண்ணத்தில் எழுதியது. யாரையும் வெறுத்து எழுதவில்லை. ஆறாவது வீட்டுக்காரரும் என்னை வெறுக்கவில்லையே! தண்ணீர் கொடுத்தார், ‘சார்’ என்று அழைத்தார். அவருடைய பலகைக்கும் என் பலகைக்கும் என்ன வேறுபாடு? வேலூர் நண்பரோடு ஒரே அறையில் ரொட்டி பகிர்ந்த நான், அவருடைய மகன் என் ஊருக்கு வேலைக்கு வந்து என் வாசலில் நின்றிருந்தால், அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பான். அப்படி எத்தனை பேர் போனார்களோ!

வீட்டிற்கு வந்ததும் பரணிலிருந்து பலகையை இறக்கினேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் வெள்ளைச் சுண்ணாம்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அருகில் வைத்தாள். இரண்டாவது வரி இப்போது அதில் இல்லை. வாடகை ஒழுங்காக வருமா, வருபவர் இரவில் எத்தனை மணிக்குத் திரும்புவார் என்ற கவலைகள் எனக்கு இன்னும் உண்டு. அவற்றை வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் மாடிக்குக் குடிவந்தவன், இவ்வூர் மருத்துவமனையொன்றில் முதல் வேலையில் சேர்ந்திருக்கும் இளைஞன். பெயரைக் கேட்டேன், கடிதங்கள் வந்தால் எடுத்து வைப்பதற்காக.